பீச் மதிலுக்குப் பின்னால்

தார்ன்பி மாளிகைத் தோட்டம்
1846 மார்ச் 3

அன்புள்ள கெசியா அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அத்தானும் சுகமா? சுண்ணாம்புக் காளவாய் வேலை அத்தானை மூச்சு விட விடுகிறதா? என் பிள்ளை நேதனைப் பார்க்க நீ இன்னும் வரவில்லை என்று எனக்குக் கோபம்தான்.

என் வீட்டுக்காரர் ஏபலைத் தோட்டத் தலைவராக்கி, குடியிருக்க அறையும் கொடுத்துவிட்டார்கள். நாலு பக்கமும் இரண்டாள் உயரச் செங்கல் மதில், நடுவில் தண்ணீர் மொள்ளும் குளம். வெயில் விழும் மதிலில் பீச் மரங்களைக் கிளை கிளையாக விரித்து, துணிப்பட்டை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். அதே மதிலின் முதுகில் எங்கள் அறை. அந்த மதிலின் செங்கலுக்கு நடுவே புகை போக வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். கீழே அடுப்பு எரித்தால் புகை வளைந்து வளைந்து மேலேறி மதிலைச் சூடாக்கும். உறைபனியிலும் பூ கருகாது. பழைய ஆணி ஓட்டைகளில் புகை கசிந்து பூவைக் கெடுத்தது என்று, தோட்டப் பக்கத்து ஓட்டைகளை ஒன்று விடாமல் ஏபல் சாந்து வைத்து அடைத்துவிட்டார். மாளிகைச் சீமாட்டியே பாராட்டினாள்.

எங்கள் பக்கமும் சுவர் கதகதப்பாக இருக்கிறது. தொட்டிலை அதை ஒட்டியே போட்டிருக்கிறேன். நேதன் அழுவதே இல்லை. பால் கொடுக்கக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது. எனக்குத்தான் காலையில் தலைவலி.

உன் ஆசைத் தங்கை
தபித்தா

காளவாய்க் குடியிருப்பு
மார்ச் 6

தபித்தா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்ததும் தொட்டிலை வெளியே தூக்கு. மழை பெய்தாலும் தூக்கு.

இங்கே குளிருக்குப் பயந்து சுண்ணாம்புக் காளவாய் ஓரத்தில் படுக்கிறவர்கள் சிலர் எழுந்திருப்பதே இல்லை. போன மாதம் ஒரு வழிப்போக்கன். "தலைதான் கொஞ்சம் வலிக்குது, மத்தபடி சொர்க்கம்ணே" என்று உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறான். மறுநாள் அத்தான்தான் தூக்கினார். கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவன் போலவே இருந்தானாம். காளவாய்ப் புகையில் இருக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. தோட்டப் பக்கம் அடைத்தால் அது எந்தப் பக்கம் வரும், யோசித்துப் பார்.

தூக்கிவிட்டேன் என்று ஒரு வரியாவது எழுது.

கெசியா

தார்ன்பி
மார்ச் 10

அக்கா,

கடிதத்தை ஏபலிடம் படித்துக் காட்டினேன். "உங்கக்காவுக்குக் காளவாய்ப் புகை தலைக்கேறிடுச்சு. அடுப்பை அணைச்சா பூ பூரா போயிடும்டி. நம்ம பொழப்பும் போயிடும்" என்கிறார்.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். உனக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதற்காக என் பிள்ளைக்கு ஏன் சாவு வார்த்தை எழுதுகிறாய்? அவன் நிம்மதியாகத் தூங்குவது உனக்குப் பொறுக்கவில்லை. இனி எனக்கு எழுதாதே.

தபித்தா

காளவாய்க் குடியிருப்பு
மார்ச் 13

தபித்தா,

பொறாமை என்றே வைத்துக்கொள். என் முகத்திலேயே விழிக்க வேண்டாம். நானே ஓடி வந்திருப்பேன், அத்தான் கால் வெந்து படுத்திருக்கிறார். பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது தெரியவே வேண்டாம். தொட்டிலை மட்டும் வெளியே எடு. உன் காலில் விழுகிறேன்.

கெசியா

தார்ன்பி
மார்ச் 17

அக்கா,

நேதன் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பயம் மட்டும் போகவில்லை. நீ சொன்னது பொய் என்று காட்டத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளத்தடியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கைகாலை உதறிக்கொண்டு வீறிட்டான். ஏபலுக்குக் கோபம். "நான் உள்ளயே உக்கார்றேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா உங்கக்காவுக்கு நீயே எழுதிப் போடு" என்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தோட்டத்து ஆட்கள் கதவை உடைத்து அவரைத் தூக்கி வந்தார்கள். வெகு நேரம் கழித்துத்தான் கண் திறந்தார். அக்கா, அந்த நேரத்தை என்னால் எழுத முடியாது. எழுந்து நிற்க முடிந்ததும், தள்ளாடிக்கொண்டே போய் அடுப்பு நெருப்பை அவரே வாரிக் கொட்டினார்.

அன்று இரவு உறைபனி விழுந்தது. பூ அத்தனையும் கறுத்துவிட்டது. சீமாட்டி எங்களை வெளியேறச் சொல்லிவிட்டாள்.

போக்கிடம் உன் வீடுதான். உனக்கு அப்படி எழுதிய பிறகு, நீ கதவைத் திறப்பாயோ மாட்டாயோ தெரியவில்லை. திறந்தால், நேதனை முதலில் கையில் வாங்கிக்கொள். என்னைத் திட்டுவது அப்புறம் இருக்கட்டும்.

தபித்தா