ஸ்டேஷனுக்குப் போகாத திருட்டுகள்

1966 ஜூலை 4
மூன்று நாடுகளின் துணித்தொழில் ஊர்களில் திருட்டு எவ்வளவு? இதுதான் என் ஆராய்ச்சி. ஜப்பான், இங்கிலாந்துப் பட்டியல்கள் தபாலில் வந்துவிட்டன. திருப்பூர் ஸ்டேஷன் ரிஜிஸ்தரிலோ இந்த வருஷம் ஒன்பதே ஒன்பது! ஏட்டையா சிரித்தார். "களவு போனா எங்ககிட்ட எதுக்குங்க வர்றாங்க? எடுத்தவன ஆத்தாளே கேக்கட்டும்னு ஆனைமலை மாசாணியாத்தாளுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்துருவாங்க." அடக் கடவுளே, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜூலை 8
ஆனைமலைக் கோயிலில், மிளகாய் அரைக்கும் இடத்திலேயே நோட்டோடு உட்கார்ந்தேன். ஒரே நாளில் முப்பத்தாறு பேர். கோழி, தோடு, தண்ணி மோட்டார். கடைசியாக வந்தவர் நல்லான், பனியன் கம்பெனிக் காவலாளி. என்ன களவு போச்சு என்றேன். "எம் பேருதானுங்க. நூல் கட்டு ரெண்டக் காணோம்னு, நாந்தான் திருடன்னு வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. எடுத்தவன் ஊடு வெளங்காதுங்க." பொருள் இல்லையே என்று அந்த வரியை அடித்துவிட்டேன்.

தம்பி கந்தவேலும் அதே கம்பெனியில்தான் மிஷின் ஓட்டுகிறான். சாப்பிடும்போது இதைச் சொன்னேன். பாதிச் சோற்றில் எழுந்து போனான்.

ஜூலை 9
நல்லான் வரியை அடித்தது சரிதானா?

ஜூலை 12
தம்பி மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் டாக்டர் ஊசி போட்டுப் போனார். கந்தவேல் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "நூலு நாந்தான் எடுத்தனுங்ணா. மொளகா பலிக்குமுங்ளா?"

பாவி! காலேஜ் வகுப்பில் மூடநம்பிக்கை என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். பலிக்காது என்றால் இவன் வாயைத் திறக்கமாட்டான். நல்லான் திருடனாகவே கிடப்பார். "பலிக்கும்டா" என்றேன்.

நல்லானுக்காகத்தான் சொன்னேனா? இல்லை, எனக்கே பயமா?

ஜூலை 13
விடிவதற்கு முன்பே காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊசிதான் கேட்டிருக்கிறது என்றார் டாக்டர். இறங்கியது கந்தவேலுக்குத் தெரியாது; பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவே பயந்து நாலு மணிக்கே கிளம்பிவிட்டானாம். கம்பெனிக்கு ஓடினேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். திட்டி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் எதற்கு ஓடினேன்? தடுக்கவா? அப்போ நல்லான்?

ஜூலை 15
ரிஜிஸ்தரில் இப்போது பத்து. ஒருத்தன் உண்மையைச் சொன்னதால் எங்கள் ஊரில் குற்றம் கூடிவிட்டது. ஜப்பான்காரனுக்கு இதை எப்படி விளக்குவேன்?

ஜூலை 18
நல்லானை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. "ஊருக் களவ எண்ணப் போயி, கூடப்பொறந்தவன உள்ள தள்ளிப்போட்டியே" என்றதோடு சரி.

சப் ஜெயிலில் கந்தவேலைப் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது. "நீங்க சொன்னது நெசந்தானுங்ணா. நான் ஒத்துக்கிட்ட அன்னிக்கே பாப்பாவுக்குக் காச்சல் உட்டுப்போச்சாமா."

ஆமாம் என்று தலையாட்டினேன்.