ஆலா முட்டையிட்ட மணல்

அக்கா,

இன்று காலை ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஈர மணல் ஏற்றிய லாரி ஒன்று நீர் சொட்டச் சொட்டக் கடந்துபோனது. அந்த வாடை பட்டதும் உன் ஊர் முகத்துவாரத்தில் நிற்பதுபோல் ஆகிவிட்டது. ஷிப்ட் முழுக்கக் கை வேலை செய்தது, மனம் உன்னோடுதான் இருந்தது.

லைனில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்ற நாட்களில், கேன்டீனில் உட்கார்ந்தால் உன் ஊர்ப் பேச்சுதான். ஆறு கடலில் சேருமிடம், அடம்பங்கொடி படர்ந்த மணல்மேடுகள், கோடையில் வந்திறங்கும் ஆலாப் பறவைகள். வடக்குப்பட்டில் பிறந்த எனக்கு ஏரி மட்டுமே தெரியும். "ஏட்டி, ஒருநாளு கூட்டிட்டுப் போறேன்" என்பாய்.

போன வைகாசியில் கூட்டியும் போனாய். மணல்மேட்டுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. வனக்காவலர் மறித்தார்.

"ஆலா முட்ட வச்சிருக்கும்மா. மணல் எது, முட்ட எதுன்னு தெரியாது, மிதிச்சிருவிய."

நீ உடனே நின்றுவிட்டாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, உன் ஊருதானே? கேளுக்கா!"

"அவரு சொல்லுதது சரிதான். இங்கன நின்னே பாப்போம்."

"இதுக்கா இவ்ளோ தூரம் இட்டுகினு வந்த?"

காவலர் முன்னால் கத்திவிட்டேன். நீ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்து நாட்களைக் கடத்தினேன். ஆடியில் மஞ்சள் காமாலை என்று ஊருக்குப் போன நீ, திரும்பவேயில்லை.

இந்தத் தை மாதம் நான் மட்டும் உன் ஊருக்குப் போனேன். மணல்மேட்டுக்கு உன் அம்மா துணைக்கு வந்தார். அது முட்டையிடும் காலமில்லை, கயிறும் இல்லை. ஆற்றுநீரைக் கடல் வாங்கிக்கொள்ளும் விளிம்புவரை நடந்தோம். அங்கே வைத்து, நான் கத்தியதைச் சொல்லி அழுதேன்.

"அதுக்கா அழுத? அவ அன்னைக்கே சொன்னாளே" என்றார் அம்மா. "'நம்ம ஊரப் பாக்க முடியலன்னு அவளுக்கு வந்த கோவத்தப் பாத்தியாம்மா? எனக்குக்கூட அவ்வளவு வரல'ன்னு சொல்லிச் சிரிச்சா."

என் கோபத்துக்குள் இருந்த ஆசை உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, அக்கா?

லைனில் உன் இடத்தில் நிற்கும் புதுப்பெண் நேற்று என்மேல் எரிந்து விழுந்தாள். திருப்பிக் கத்த வாய் திறந்த நான், நிறுத்திக்கொண்டு, "உனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டேன். உடனே கண் கலங்கிவிட்டாள். இரண்டு மாதமாக ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லையாம்.