இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சிவப்புக் காய்

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இன்று காலை உங்கள் வீட்டம்மா வந்திருந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் உங்கள் கேரம் பவுடர் டப்பா. "ஊட்ல சும்மா கெடக்குதுங்கண்ணா, நீங்களாச்சும் வெச்சுக்கங்க" என்று மேசைமேல் வைத்தார்கள். மூடியைத் திறந்தேன். மாவைவிட நைசான அந்த வெள்ளைத் தூள் மூக்கில் ஏறியது. அதை வாசனை என்று சொல்வதா என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்குள் கால் வைத்ததும் முதலில் வருமே, அப்படி ஒன்று. அடுத்த கணம் என் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பலகை இல்லை, காய் இல்லை, எதிரே நீங்களும் இல்லை. வெறும் தூளுக்கே இந்தப் பாடு.

காப்பி குடித்துக்கொண்டே அவர்கள் சொன்னார்கள்: "எல்லாத்துலயும் கெட்டிக்கார மனுசன். மாத்திரை விசயத்துல மட்டும் மறதிங்கண்ணா. அன்னிக்கு சேலத்துல மறக்காம போட்டிருந்தா அந்தக் கண்டமே வந்திருக்காது."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். நீங்கள் மறக்கவில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் நீங்கள். மிச்சம் இருப்பது நான்.

ஓய்வு பெற்று நாமக்கல்லுக்கு வந்த புதிதில், எதிர்ப்பக்கத்து லாரி பாடி பட்டறையில் நீங்கள் வேலை செய்வதை என் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். லாரியின் முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பில் மஞ்சள் கோடு. ஸ்கேல் கிடையாது, நூல் கிடையாது. ஒருநாள் அருகில் வந்து நின்று, எப்படி இது என்று கேட்டேன். கோட்டை முடிக்கும்வரை பதில் இல்லை. பிறகு பிரஷ்ஷை டின்னில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "கோடு இழுக்கறப்ப நாம மூச்சு உட்டா, கோடும் மூச்சு உடுமுங்க வாத்தியாரே."

அந்தக் கையோடுதான் கேரம் ஆடினீர்கள். எனக்கும் ஆசை உண்டு, திறமையும் ஓரளவு உண்டு. கைதான் சொன்ன பேச்சுக் கேட்காது. சாதாரணக் காய் என்றால் நன்றாகவே போடுவேன். சிவப்பு என்று வந்துவிட்டால் போதும், விரல் நுனி ஆடத் தொடங்கிவிடும். சிவப்பைக் குழியில் தள்ளினால் மட்டும் ஆகாதே. அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். அந்த ஃபாலோ தவறினால் சிவப்பு மறுபடியும் நடுவுக்குப் போய்விடும். அந்த இரண்டாவது அடியில்தான் என் மானம் போகும்.

அறிவியல் வாத்தியார் சும்மா இருப்பேனா? பள்ளியில் ஆண்டுதோறும் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணச் சொல்லி, நாலால் பெருக்கச் சொல்வேன். அதையே நமக்கும் செய்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எழுபத்திரண்டு. மலைக்கோட்டைப் படியேறி மேலே போய் நின்றால் நூற்றிநாலு. நாற்காலியை விட்டு எழாமல், ஒரு விரலை மட்டும் அசைத்து, சிவப்புக்கு ஃபாலோ போடும்போது நூற்றிப் பதினாறு. நீங்கள் நம்பவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை எண்ணிக் காட்டினேன்.

"ஏனுங்க, ஒக்காந்த எடத்துல எப்படிங்க இது மலையேறுது?" என்று கேட்டீர்கள்.

பள்ளியில் மணி அடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலைமையாசிரியர் அடி என்றால் அடிப்பார். தேர்வுக்கா, விடுமுறைக்கா, தீப்பிடித்துவிட்டதா என்று கேட்கமாட்டார். இதயமும் அப்படித்தான். துரத்துவது நாயா, பலகையில் கிடக்கும் சிவப்புக் காயா என்று அதற்குத் தெரியாது. மேலே இருந்து உத்தரவு வந்தால் அடித்துத் தள்ளும்.

நீங்கள் உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "மணி அடிக்கறவரும் ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நடுவுல கையத் தூக்கித்தானுங்க ஆகோணும். ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஒரு சந்து இருக்குது பாருங்க. அதுல சுண்டுங்க."

முப்பத்தைந்து வருடம் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்தவனுக்கு அந்தச் சந்து கண்ணில் பட்டதே இல்லை.

அப்புறம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை. ஒருநாளும் விடக்கூடாது, சட்டென்று நிறுத்தினால் அதுவே வினையாகும் என்று என் எதிரிலேயே சொன்னார். மறுபடி ஆட உட்கார்ந்தபோது எண்ணிப் பார்த்தேன். சிவப்பு போட்டபோது உங்களுக்கு அறுபத்தெட்டு! விரல் கல்லில் செதுக்கியது போல நின்றது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வியாதி வந்தது உங்குளுக்குப் பொறாமையாட்டம் தெரியுதே!" என்று சிரித்தீர்கள். பொறாமைதான், மேஸ்திரி. பொய் சொல்வானேன்.

சேலத்துக்கு ஆடப் போன நாளை எடுத்துக்கொள்கிறேன். மூத்தோர் இரட்டையர் போட்டி, சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்து மண்டபம். பஸ் ஏறும்போது உங்கள் வீட்டம்மா ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து உங்கள் சட்டைப்பையில் வைத்தார்கள். சொன்னது என்னிடம்: "டிபன் சாப்புட்டொடனே போடச் சொல்லுங்கண்ணா. உங்கள நம்பித்தான் அனுப்பறன்." டிபன் முடிந்ததும் கேட்டேன். "ஆச்சுங்க" என்றீர்கள். நான் பெயர் கொடுக்கப் போய்விட்டேன்.

காலை ஆட்டத்தை நீங்கள் ஒருவராகவே ஜெயித்தீர்கள். என் கை அன்று என்னுடையதே இல்லை. இறுதி ஆட்டத்தில் நம்மை எதிர்க்கவிருந்த அம்மாபேட்டை மாமன் மச்சான் இருவரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாமா, வாத்தியார் கையப் பாரு. தறி ஓட்டுற மாதிரியே போவுது" என்றார் மச்சான். "சத்தம் போடாத, பாவு நூலு அறுந்துடப் போவுது" என்றார் மாமா. மண்டபம் சிரித்தது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூட்டிப்போனீர்கள். சட்டைப்பையில் இருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்தீர்கள்.

"இதப் போட்டுக்கங்க சாமி."

"என்னங்க மேஸ்திரி இது?"

"காலைல நான் போட்டாச்சு. இது ராத்திரிக்கு வெச்சது. ராத்திரிக்கு ஊட்ல வேற இருக்குது. போடுங்க, கை நிக்கும்."

ஒருவருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவர் விழுங்கக் கூடாது என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! ஆனால் 'தறி ஓட்டுற கை' என்ற சொல் காதில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து, உள்ளங்கைத் தண்ணீரில் விழுங்கினேன். வேறொன்றையும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். நீங்களும் நானும் எதிரெதிரே, வலமும் இடமும் அவர்கள். ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் இருபதுக்கு இருபது. கடைசிப் பலகை. நமக்கு ஒரு வெள்ளை மிச்சம், அவர்களுக்கு இரண்டு கறுப்பு, நடுவில் சிவப்பு. சிவப்புக்கு மூன்று புள்ளி, அவர்களிடம் மிஞ்சும் கறுப்புக்கு இரண்டு. ஆக, சிவப்பும் வெள்ளையும் விழுந்தால் சரியாக இருபத்தைந்து, ஆட்டம் முடிகிற எண். கோப்பை நமக்கு.

எனக்குள் அன்றிருந்த அமைதியை என்னவென்று சொல்ல! விரல் அசையவில்லை. மேசைக்கடியில் எண்ணிப் பார்த்தேன், அறுபது. மண்டபத்துச் சத்தமெல்லாம் பக்கத்து ஊரில் கேட்பது போல இருந்தது.

உங்கள் முறை. சிவப்பைப் போட்டீர்கள். கைதட்டினார்கள். ஃபாலோவுக்கு ஸ்ட்ரைக்கரை வைத்தீர்கள். அப்போதுதான் பார்த்தேன். உங்கள் சுட்டுவிரல் ஆடியது. லாரி நீளத்துக்குக் கோடு இழுத்த விரல்! நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து நரம்பு சட்டைக் காலருக்கு மேலே துள்ளித் துள்ளி அடித்துக்கொண்டிருந்தது. தொடவே வேண்டியதில்லை, எதிரே உட்கார்ந்தபடியே எண்ணலாம் போல.

"மாத்திரை போட்டீங்களா?" என்றேன்.

"ஆட்டத்துல ஜோடிங்க பேசக் கூடாது" என்றார் நடுவர்.

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே மாத்திரைதான் இருந்தது. அது என் வயிற்றில் இருந்தது.

சுண்டினீர்கள். வெள்ளை குழியின் விளிம்பில் முட்டி, வாயிலேயே நின்றுவிட்டது. சிவப்பு நடுவுக்குத் திரும்பியது. அடுத்து மாமா. அவர் கையும் அப்போது தறி ஓட்டியது, கறுப்பு அசைந்து கொடுக்கவில்லை. என் முறை வந்தது.

சிவப்பு எனக்கு நேராக இருந்தது. வெள்ளை குழி வாயில், ஊதினால் விழும். இரண்டு அடி, மொத்தம் அரை நிமிடம். கை கல்லாக நின்றது. நீங்கள் இடது தோளை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நெற்றி முழுக்க வேர்வை. உதடு மட்டும், "போடுங்க, போடுங்க" என்று அசைந்தது.

ஸ்ட்ரைக்கரை வைத்தேன். குறி பார்த்தேன். அந்தச் சந்தும் தெரிந்தது, ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் நடுவே அகலமான, அமைதியான சந்து. இந்த அமைதியை யார் உடம்பில் இருந்து எடுத்து என் உடம்பில் வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"நாங்க விட்டுக்கொடுக்கறோம்" என்றேன்.

என்னைக் கேலி செய்த மச்சான்தான் முதலில் புரிந்துகொண்டவர். நாற்காலியைத் தள்ளிவிட்டு, "ஆட்டோ, ஆட்டோ" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார். மாமா உங்களை ஒரு பக்கம் தாங்கினார், நான் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில், நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். எனக்கு அப்போதும் அறுபதுதான் அடித்தது. அழக்கூட வரவில்லை. உங்கள் மாத்திரை என்னை அழவிடவில்லை.

கண் திறந்ததும் நீங்கள் முதலில் சொன்னது: "அரை நிமிசம் பொறுக்க முடியலீங்களா?"

"ஏன் மேஸ்திரி இப்படிச் செஞ்சீங்க?"

"காலைல பஸ்ல உங்க முட்டி ஆடறதப் பாத்தனுங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினீர்கள். "ஊட்ல கேட்டா நான் மறந்துபோட்டன்னு சொல்லிருங்க. உங்கள வெச்சுத்தான் அவ என்னைய ஆட உடறா. தெரிஞ்சா பலகைய அடுப்புல வெச்சுருவா."

அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆடினோம். தினம் காலையில் உங்கள் வீட்டம்மா, "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்று சோதித்த பிறகுதான் உங்களை வெளியே விடுவார்கள். எங்கள் வாசல் வரை கேட்கும். நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நாக்கைத் தூக்கிக் காட்டுவீர்கள். நான் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். போன தை மாதம் பட்டறை வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவாறே போய்விட்டீர்கள். சேலத்தில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார்.

இன்று காலைக்கு வருகிறேன். தம்ளரைக் கீழே வைத்தேன் என்றேனே. விரல் தானாக மணிக்கட்டுக்குப் போயிற்று. பதினைந்து நொடிக்கு முப்பத்தொன்று. பெருக்கிக்கொள்ளுங்கள். எந்தச் சிவப்புக்கும் எனக்கு இவ்வளவு வந்ததில்லை. ஒரு துடிப்பு போனது. அடுத்தது வருவதற்குள் வாயைத் திறந்தேன்.

"அம்மிணி, அவர் மறக்கலீங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, காகிதம், நான் ஒன்றும் கேட்காமல் விழுங்கியது, கடைசி அரை நிமிடம், எல்லாம். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். கடைசியில் மெதுவாக, "தெனமும் நாக்கத் தூக்கச் சொன்னனேங்கண்ணா" என்றார்கள்.

"ஆமாங்க."

"அவியளும் தூக்கிக் காட்டுனாங்களே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு நிமிர்ந்து, "நீங்க படிச்சவருதானுங்களே?" என்றார்கள்.

எழுந்து, மேசைமேல் இருந்த பவுடர் டப்பாவை எடுத்து மறுபடி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்கள். வாசல்வரை போனார்கள். கேட்டில் கை வைத்தபடி நின்றார்கள்.

"ஞாயித்துக்கெழம வாரேன். ஆட்டம் எப்படி நின்னுதோ, அப்படியே பலகைல வெச்சுக் காட்டுங்க. அந்த அரை நிமிசம் என்னன்னு நான் பாக்கோணும்."

பலகையைத் துடைத்துவிட்டேன், மேஸ்திரி. சிவப்பை நடுவில் வைத்தேன். வெள்ளையைக் குழி வாயில், நீங்கள் விட்ட இடத்தில் வைத்தேன். கறுப்பு இரண்டையும் நினைவில் இருந்தபடி வைத்தேன். எதிரே உங்கள் நாற்காலி. அதில் அவர்கள் உட்காருவார்கள். பவுடர் கொண்டுவருவார்களா என்று தெரியாது. இந்த முறை மாத்திரை கிடையாது, கை இப்போதே ஆடுகிறது. நீங்கள் காட்டிய அந்தச் சந்து மட்டும் என்னோடு இருக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
வாத்தியார்