திருநீறு என்று நான் துடைத்தது

அக்கா,

ஓட்டர் பட்டியல் எழுதுகிறவர் போன வாரம் நம் தெருவுக்கு வந்திருந்தார். கையில் பழைய பட்டியல் ஒன்று. ஓரமெல்லாம் செல்லரித்து, விரித்ததும் எலிப்புழுக்கை நாற்றம் அடித்தது. என் வாசலில் நின்றுகொண்டு உன் பேரைப் படித்தார். மாமா பேரோடு, வீட்டு எண்ணோடு, முழுசாகப் படித்தார். "இவுக இருக்காகளா?" என்று கேட்டார். காலமாகிவிட்டாள் என்றேன். சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

அப்புறம் என் பேர். இன்னார் சம்சாரம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார். எனக்கென்று பேர் இருக்கிறது, அஞ்சாம் வகுப்பு படித்தவள், நீங்கள் எழுதுவதில் பிழை இருந்தால் திருத்தியும் தருவேன் என்றேன். பேத்தி உள்ளே நின்று சிரித்தாள். அவள் எட்டாவது படிக்கிறாள், வகுப்பில் முதல். இனிமேல் சட்டசபைக்கும் வேதக்காரர்களுக்கென்று, எங்கள் கிறிஸ்தவச் சனத்துக்கென்று, தனிப் பட்டியல் கிடையாதாம், எல்லாருக்கும் ஒன்றுதானாம். அதை அந்த மனிதர் சொன்னபோது நான் உன் வாசலைத்தான் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் நம் தெருவில் ஓட்டு இருந்த ஒரே பொம்பளை நீ. மாமா போன பிறகு வீடும் வயலும் உன் பேருக்கு வந்தன, வரி கட்டினாய், ஓட்டு வந்தது. படித்த எனக்கு இல்லை, கைநாட்டு வைக்கிற உனக்கு இருக்கிறதே என்று ஒரு நாள் உன் முகத்துக்கு நேராகவே பொருமினேன். நீ புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டே சொன்னாய்: "ஒம் புருசன் நல்லாருக்கட்டும்த்தா. எனக்கு ஓட்டு வந்த வழி ஒனக்கு வேணாம்."

அதற்கு மறுவருஷம்தான் இவர் பஞ்சாயத்து போர்டுக்கு நின்றார். சட்டசபைத் தேர்தல் என்றால் எங்களுக்குக் கவலை இல்லை. எங்கோ தூரத்து வக்கீல் ஒருவர், எங்கள் ஆள், முகம் பார்த்ததுகூட இல்லை, எங்கள் ஆம்பளைகள் எல்லாரும் அவருக்கே போட்டுவிட்டு வருவார்கள். போர்டு அப்படி இல்லை. நம் வார்டில் எங்கள் வீடுகள் ஒன்பது, மற்றதெல்லாம் உங்கள் வீடுகள். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று வெட்டவேண்டும், பொம்பளைகள் ஆற்றங்கரை வரைக்கும் குடம் தூக்குவது நிற்கவேண்டும் என்பதுதான் இவர் சொன்னது. எதிரே நின்றவர் கோயில் திருநீற்றைத் தட்டில் ஏந்தி வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கினார். எங்கள் சபை மூப்பர்களுக்கு அதுவே பயம். ஓட்டுக்காக இவரும் நெற்றியை நீட்டிவிடுவாரோ என்று. நீட்டினால் ராப்போஜனத்தில், கர்த்தருடைய பந்தியில், இடம் கிடையாது என்று வீட்டுக்கு வந்தே சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீ யாரிடமும் பயப்படவில்லை. உன் கொழுந்தன்மார் வீடுகளுக்கெல்லாம் நீயே போய், "வேதக்காரருன்னா என்ன, அவரு வெட்டுற கெணத்துல வேதத் தண்ணியா ஊறப்போகுது?" என்று கேட்டாய் என்று உன் மருமகள் வந்து சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் முறை உனக்குத் தெரிந்த அளவு எங்கள் சபையிலேயே பலருக்குத் தெரியாது. படையல் வைத்த பண்டத்தை நாங்கள் தின்னமாட்டோம் என்று, பொங்கலன்றைக்குப் பானை பொங்கியதும், சாமிக்கு வைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கு ஒரு சட்டியில் எடுத்துவிடுவாய். நீயே கொண்டுவந்து, "இன்னும் சாமி பாக்கல, தின்னு" என்பாய். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை.

அதை அறிந்த நான்தான் அப்படிச் செய்தேன்.

ஓட்டுக்கு நாலு நாள் இருக்கையில், காலையில் இவர் தெருவில் இறங்கினார். பின்னால் பத்துப் பேர், அவர்களுக்கும் பின்னால் நான். நீ பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாய். உன் கொழுந்தன்மார் எல்லாரும் நின்றார்கள். தட்டிலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு இவர் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தாய். இவர் திரும்பியபோது வெளுப்பாகத் தெரிந்தது. தெருமுனையில் மூப்பர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு போய், முந்தானையால் அந்த நெற்றியை அழுத்தித் துடைத்தேன். இவர் என் கையைப் பிடிக்கப் பார்த்தார், அதற்குள் துடைத்துவிட்டேன்.

நீ தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். "சரித்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

திருநீற்றை அழித்துவிட்டாள் என்று பொழுது சாய்வதற்குள் வார்டு முழுக்கப் பேச்சு. உன் கொழுந்தன்மார் வீட்டு ஓட்டில் ஒன்றுகூட எங்களுக்கு விழவில்லை. இவர் தோற்றார். கிணறும் வரவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் என்னைச் சொன்னார். பதவியை விடச் சாட்சியே பெரிது என்று காட்டிய சகோதரி என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தவளுக்கு உண்மை தெரியும், அக்கா. துடைத்த அன்றைக்குச் சாயங்காலமே, புடவையை மாற்றும்போது முந்தானை மணத்தது. சந்தனம். கல்லில் உரைத்த சந்தனம், எங்கள் கல்யாண வீட்டில் வாசலில் வைத்து எல்லாருக்கும் பூசுவோமே, அதே. திருநீறு எங்களுக்கு ஆகாது என்று, ஆகிறதைப் பார்த்து நீயே உட்கார்ந்து உரைத்திருக்கிறாய். கிண்ணத்து ஓரத்தில் காய்ந்து வெளுத்ததும் விரலில் வந்திருக்கிறது, அந்த வெளுப்பைத்தான் நான் பார்த்தேன்.

உடனே ஓடி வந்திருக்கவேண்டும். ஓட்டுக்காக வந்து நிற்கிறாள் என்பார்களே என்று அன்றைக்கு வரவில்லை. தோற்ற பிறகு வந்தால், போதகர் சொன்னதை நானே பொய்யாக்கவேண்டும். இவரிடம்கூடச் சொல்லவில்லை. நெற்றியில் பட்டது இன்னது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவரும் ஒன்றும் பேசாமலேயே போய்ச் சேர்ந்தார். நீயாவது தெருவில் சொல்லியிருக்கலாம். வேதக்காரனுக்காகக் கோயில் திருநீற்றை ஒதுக்கிவிட்டுச் சந்தனம் உரைத்தாள் என்று உன் கொழுந்தன்மார் உன்னையே பிடித்திருப்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்காகவும் இருக்கலாம். தெரியவில்லை.

பொங்கலுக்குச் சட்டி வந்தது. உன் மருமகள் கொண்டுவந்தாள். "சாமிக்கு முன்னாடியே எடுத்ததாம், அத்தை சொல்லச் சொன்னாக" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வந்தது. நீ வரவில்லை.

கடைசியில் நீ நோயில் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்தேன். கண்ணைத் திறந்து, "அன்னைக்கு அவரு ஜெயிச்சிருந்தா கெணறு வந்திருக்கும்ல" என்றாய். அக்கா என்று ஆரம்பித்தேன். உன் மருமகள் தலையணையைச் சரிசெய்ய வந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். மறுநாள் விடியும் முன்னே உன் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் பொம்பளைகள் கூட்டம். பெரிய தேர்தல் வரப்போகிறது, நம்மவர் நின்றால் நம்மவருக்கே போடவேண்டும், அதற்காக அந்தத் திருநீற்றுக் கதையை அம்மா இன்னொரு தடவை சொல்லட்டும் என்றார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சொன்ன கதைதான். எழுந்தேன். முன்வரிசையில் பேத்தி உட்கார்ந்திருந்தாள்.

அது திருநீறு இல்லை, சந்தனம் என்றேன். யார் உரைத்தது, எதற்காக உரைத்தது, எனக்கு எப்போது தெரியும், எல்லாவற்றையும் சொன்னேன். மூப்பர் சம்சாரம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பேத்திதான் கேட்டாள்: "அந்தப் பாட்டிட்டப் போயிச் சொன்னீகளா, அப்பத்தா?"

இல்லை என்றேன். அவள் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன், அக்கா.