பாட்டில் வராத லீவு

ஐப்பசி, ஞாயிறு இரவு.

பட்டாளத்தில் இருக்கும் முத்தையா லீவில் சேத்தூர் வந்தால் எங்களுக்கு மிலிட்டரி கேன்டீன் பாட்டில் நிச்சயம். மாந்தோப்பில் உட்கார்ந்து குடிப்போம். இந்தத் தடவை பாட்டில் இல்லை. ராஜபாளையத்தில் புதிதாக வந்திருக்கும் பெரிய ஹோட்டல் பாருக்கு என்னையும் கணேசனையும் கூட்டிப் போனான். அவன் ரெஜிமெண்டில் ரக்பி ஆடியவன். அந்த ஆட்டத்தைத்தான் பார் டி.வி. திரையில் போடச் சொன்னான்.

"முன்னால ஓடுதான், பந்தைப் பின்னால எறியுதான். இதுக்கு நம்ம கபடியே தேவலை" என்றான் கணேசன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்திலிருந்து வெளியேறினான். அதற்குப் பிறகு முத்தையா திரைப் பக்கம் திரும்பவில்லை. அவன் கிளாஸை இடது கையால் எடுப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கணேசன் கை கழுவப் போனதும் முத்தையா என்னிடம் கேட்டான்: "ஒங்க மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்காலே? தோள்பட்டை போச்சு. பட்டாளத்துல வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல."

"கேட்டுப் பாக்கேன்" என்றேன்.

கிளம்பும்போது கணேசன், "ஏலே, அடுத்த லீவுக்குப் பாட்டில மறந்துராத" என்றான்.

"ரெண்டாக் கொண்டாரேன்" என்றான் முத்தையா.