மூன்றாவது சிலிண்டர்

இரும்புலியூர்
ஞாயிறு காலை

அன்புள்ள ஓவியாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். மழை விட்டுவிட்டது, தெருவில் தண்ணீர் வடிந்து இரண்டு நாளாகிறது. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், டாக்டரிடம் வரச் சொன்னால் தைலம் போதும் என்கிறார். போனில் சொன்னால் பாதியில் நான் கத்திவிடுவேன் அல்லது நீ அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. உன் அப்பாவின் கார் எஞ்சின் போய்விட்டது. கெடுத்தது நான்.

போன வாரம் நீ கேட்டபோது மழை, வண்டியை வெளியே எடுக்கவில்லை என்றேன், அது பொய். எஞ்சினைப் புதுப்பித்து ஸ்டார்ட் செய்த வீடியோவை உனக்கு அனுப்பினேன் இல்லையா, அதற்குப் பிறகு இருநூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கிவிட்டு, நீ கேட்பதற்கு முன்பே, அந்த வாரம் செவ்வாய் காலை வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் ரோட்டில் முதல் முறையாக ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தேன். டர்போ விசில் எழுந்தது, வண்டி இழுத்த இழுப்பில் நீ பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான், பின்னால் வெள்ளைப் புகை, ரோடே தெரியவில்லை. ஓரம் கட்டினேன். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, இன்னா சார் கொசு மருந்து அடிக்கிறியா என்றார்.

பிரித்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரையும் 81 மில்லியிலிருந்து 83க்குக் கடைந்தது உனக்குத் தெரியும், 1781 சிசி 1870 ஆகும் என்பது நீ போட்ட கணக்கு. கணக்கில் தப்பில்லை, அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. மூன்றாவது சிலிண்டர் முன்பே ஒரு தடவை கெட்டு, பெரிதாகக் கடைந்து, உள்ளே ஸ்லீவ் என்கிற இரும்புக் குழாயை இறக்கி மறுபடி 81க்குக் கொண்டுவந்தது. அந்த ஸ்லீவின் கனமே இரண்டு மில்லிதான், அதில் பாதியை நான் கடைந்து எடுத்துவிட்டேன். மீதித் தகடு டர்போ அழுத்தத்தில் பிளந்து, பின்னாலிருந்த எஞ்சின் பிளாக்கின் சுவரும் விரிசல் விட்டு, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. விரிசல் இரண்டாவது சிலிண்டர் வரை ஓடுகிறது. இனி ஸ்லீவும் போட முடியாது, வெல்டிங்கும் பிடிக்காது. என் பட்டறைக்கு வரும் எந்த பிளாக்கையும் மண்ணெண்ணெயில் துடைத்து சாக்பீஸ் பொடி தூவிப் பார்க்காமல் நான் மெஷினில் ஏற்ற மாட்டேன், உள்ளே ஸ்லீவ் இருந்தால் பொடியில் வட்டமாக ஈரக்கோடு எழும்பும், பத்து நிமிஷ வேலை. ஊரார் வண்டிக்கெல்லாம் செய்கிறேன், உன் அப்பா வண்டிக்குச் செய்யவில்லை. இந்த எஞ்சினை எவனும் தொட்டதில்லை வேலு என்று அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணனே சொன்ன பிறகு பொடி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

உடைந்த ஸ்லீவின் வெளிப்பக்கம் இரண்டு புள்ளி குத்தியிருந்தது. படப்பையில் பட்டறை வைத்திருக்கும் தனசேகர்தான் அப்படிக் குத்துவார். போய்க் கேட்டேன். ஆமா தம்பி, நான்தான் போட்டேன், டர்போ அழுத்தத்த ஏத்தி வச்சி ஓட்டிகினு போயி பிஸ்டன உருக்கிட்டு வந்து நின்னாரு உங்கண்ணன், வேலுக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிஞ்சா ஒரு வருசம் என்னப் பேஜார் பண்ணுவான்னாரு, ஒன் கண்ணுக்குப் படக் கூடாதுன்னுதான் மேல்பக்கத்தயும் இழைச்சிக் குடுத்தேன் என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நான் டிப்ளமோ முடித்த புதிது அப்போது. அழுத்தத்தை ஏற்றாதே, உனக்கு ஒரு எழவும் தெரியாது என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்தியிருந்தேன், பத்து வயது மூத்தவரை. அதற்கடுத்த வருஷம் நெஞ்சு வலித்ததையும் அவர் ஒரு வாரம் என்னிடம் சொல்லவில்லை, கடைசி நாள் வரை வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அது அவருடைய பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். படப்பையிலிருந்து திரும்பும்போது அப்படி நினைக்க முடியவில்லை. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்கிட்டயும் சொல்லல வேலு என்றார். பிறகு எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டார்.

ஏர்போர்ட்டில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அப்பா எஞ்சின்லயே பண்ணணும் சித்தப்பா, வேற பிளாக் வேணாம் என்றாய். அது இனி நடக்காது. பொங்கலுக்கு நீ வரும்போது அந்த எஞ்சினில் உன்னைக் கூட்டிவர முடியாது, என்னை மன்னித்துவிடு. பழைய இரும்புக் கடையில் இதே மாடல் பிளாக் ஒன்று இருக்கிறது, சுவர் கனமெல்லாம் அளந்து பார்த்துவிட்டேன், நீ போட்ட கணக்குக்குத் தாங்கும். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயருக்குக் கீழே இருக்கும் எஞ்சின் எண் அதில் இருக்காது. வாங்கவில்லை. நீ சொன்னால் வாங்குகிறேன், வேண்டாமென்றால் உடைந்ததையே துரு ஏறாமல் கிரீஸ் தடவி வைக்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்து எழுதாதே, கோபமாக இருந்தால் கோபத்தையே எழுது.

நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த படிப்பை முடித்து, நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். பத்து வயதிலிருந்து உன்னை வளர்த்தவன் என்கிற உரிமையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே பரீட்சை போனாலும், உடம்பு கெட்டாலும், வேறு எது உடைந்தாலும் என்னிடம் சொல்லிவிடு. கத்த மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. நான் கத்தினால் போனை வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்.

உன் சித்தப்பா,
குமரவேல்