பெரிய எண்ணும் ஏலூர் மாப்பிள்ளையும்

மட்டாஞ்சேரி
3.10.2025

அன்பு மகள் தன்யாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். உன் கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. போனில் சொன்னால் உன் குரல் மாறும், கேட்க எனக்குத் தெம்பில்லை.

திங்கள் சாயங்காலம் நவராத்திரி பூஜையில் வைக்க அம்மா தையல் மிஷினைத் துடைத்து வைத்தாள். நாற்பத்தாறு நாளாக உன் கம்ப்யூட்டர் மூலையில் உறங்காமல் இரைந்துகொண்டிருந்தது. குடோனில் இஞ்சி நிறுக்கிற தராசுக்கே மூன்று நாள் ஓய்வு, இது என்ன பாவம் செய்தது என்று அணைத்துச் சந்தனம் தொட்டு வைத்தேன். நேற்று விஜயதசமிக்குப் பூஜை எடுத்து மறுபடி போட்டால், கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. 'அணைக்காதீங்க' என்று நீ ஒட்டிய காகிதத்தின் மேல்தான் நான் காலண்டரை மாட்டியிருக்கிறேன்.

எனக்குப் புரிந்த மட்டில், இரண்டை இரண்டாலேயே பெருக்கிக்கொண்டு போய் ஒன்று குறைத்த எண் அது. பல லட்சம் இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண்ணா என்று பார்க்கிறாய். ஒரு எண்ணை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி பெருக்கி, கடைசி மீதி பூஜ்யம் வந்தால் ஜெயம். அது முடிந்ததும், தீபாவளிக்கு, ஏலூர் முப்பிடாதி அக்கா மகன் பெண் பார்க்க வரலாம் என்றாய். அதற்குமேல் அவர்கள் காத்திருக்க மாட்டார்களாம். அலைந்து திரிந்து மாப்பிள்ளை பிடித்த நானே அதைக் கெடுத்தேன். எட்டாம் வகுப்புக்காரனை நம்பி மிஷினை விட்டது உன் தப்பும்தான்.

மனசு ஆறினால் எழுது.
அப்பா


சென்னை
8.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் தனியாகச் சிரித்தேன். கூட இருக்கும் ஷபானா என்னவென்று கேட்டாள். "எங்கப்பா ஒரு எண்ணுக்குச் சந்தனம் பூசிட்டாரு" என்றேன்.

இடையிடையே கணக்கைச் சேமிக்கும்படி நான் எழுதியிருக்க வேண்டும். அது என் பிழை. இன்னொன்றும் இருக்கிறது. ப்ராஜெக்டுக்குக் காலேஜ் சார் தந்தது இதில் பாதி இலக்கம் உள்ள எண். பதினைந்து நாளில் முடிந்திருக்கும். இலக்கம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தெரிந்தேதான் பெரியதை எடுத்தேன். அதற்குள் ஏலூர்க்காரர்கள் வேறிடம் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் நல்லவராகவே இருக்கட்டும். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசும்போது சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் அணைத்ததைப் படித்ததும் முதலில் நிம்மதிதான் வந்தது.

திட்ட வேண்டுமானால் திட்டி எழுதுங்கள்.
தன்யா


மட்டாஞ்சேரி
13.10.2025

தன்யா மோளே,

உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "ஒரு வேண்டாம் சொல்லவா புள்ள இத்தன நாள் மிஷின ஓட்டிச்சு?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்தபோது நான்தான் அகப்பட்டேன்.

நேற்று ஏலூருக்குப் போனேன். முப்பிடாதி அக்கா சாயா தந்தார்.

"பொண்ணு என்ன சொல்லுது?"

"இப்ப வேண்டாங்குது அக்கா."

"இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீரு? ஒரு போன் பண்ணப்பிடாதா?"

சாயாவை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்தே வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வந்து நீயே போடு. யாரும் பார்க்க வர மாட்டார்கள். இனி உனக்குச் சாருடைய சின்ன எண்ணே போதும்.

அப்பா